பச்சைத் தலைக் கல்: கோடியக்கரை ரோடு பற்றி உங்கள் கேள்விகள்

போன இதழில் ரோட்டோரக் கிலோமீட்டர் கற்களைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சாலையைப் பற்றியவை. தஞ்சாவூரில் கிளம்பி, வடுவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று இறங்கி, கோடியக்கரையில் கடலைப் பார்த்து நின்றுவிடுகிற மாநில நெடுஞ்சாலை 63. அங்கே நான் சாலை ஆய்வாளராக இருந்தவன் என்பதை அந்த நாலு வரியில் உளறிவிட்டேன், அதன் பலன்தான் இது. 1984-இல் வேலையில் சேர்ந்தேன், 2019-இல் ஓய்வு. எல்லா வருடமும் அந்த ரோட்டில் இல்லை. ஆனாலும் முதலில் சைக்கிளிலும் அப்புறம் டிவிஎஸ் 50-லும் நான் அதிகம் அளந்தது அதைத்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ரோடுதான். மற்ற ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி அருகிலிருந்து ஒரு வாசகர்): நெடுஞ்சாலை என்றால் நாலு வழி, ஆறு வழி என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர் வழியாகப் போவதையும் மாநில நெடுஞ்சாலை என்கிறார்கள். அதில் மாடு படுத்திருக்கிறது, அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. யார் கொடுத்த பட்டம் இது?

பட்டம் அகலத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. எந்த ஊரை எந்த ஊரோடு சேர்க்கிறது என்று பார்த்துக் கொடுப்பது. 1943-இல் நாக்பூரில் தலைமைப் பொறியாளர்கள் கூடி, நாட்டுச் சாலைகளை எல்லாம் ஜாதி பிரிப்பதைப் போல் தரம் பிரித்தார்கள். தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை. அந்த மாகாணம்தான் பிறகு மாநிலம் ஆனது. அதுவரை நம் பக்கத்துச் சாலைகள் ஜில்லா போர்டு கையில் இருந்தன. நெடுஞ்சாலைக்கென்று தனித் துறை சென்னை மாகாணத்தில் வந்தது 1946-இல்.

கல்லைப் பார்த்தாலே தரம் தெரிந்துவிடும். கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சாக இருந்தால் பிரதமர் திட்டத்தில் போட்ட கிராமச் சாலை. உங்கள் ஊர்க் கல்லுக்குப் பச்சைத் தலை. அகலம் வேறு கணக்கு. ஒற்றை வழித்தடம் என்றால் 3.75 மீட்டர், இடைநிலை 5.5 மீட்டர், இரு வழி 7 மீட்டர். ஒரே சாலையிலேயே ஓரிடத்தில் இது, ஓரிடத்தில் அது என்று இருக்கும். நம் ரோட்டில் முழு நீளமும் சேர்த்தால் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். நெடுஞ்சாலைக் கணக்கில் இது குட்டைதான்.

நெல் விஷயம். நானும் சின்ன வயதில் வேலைக்கு வந்த புதிதில் சத்தம் போட்டிருக்கிறேன். ஒரு மாசி மாதம், கோட்டூர் தாண்டி, அறுபது வயது மதிக்கத்தக்க ஆத்தா ஒருத்தி ரோட்டில் பாதியை அடைத்துக் குறுவைக்கும் சம்பாவுக்கும் சேர்த்துக் காயப்போட்ட மாதிரி நெல்லைப் பரப்பியிருந்தாள். சுற்றிலும் கருங்கல் வரிசை. "ஆத்தா, இது கவர்மென்ட் ரோடு" என்றேன். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே, "ரோடு போட்டதே நெல்லு போறதுக்குத்தானே தம்பி? இது இன்னும் கிளம்பல, அவ்வளவுதான்" என்றாள். பதில் தெரியாமல் சைக்கிளை ஓரமாக உருட்டிக்கொண்டு போனேன். இருந்தாலும் சொல்கிறேன், ராத்திரியில் அந்தக் கருங்கல் வரிசையை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். மோட்டார் சைக்கிள்காரன் உயிர் போகும். நெல்லை அள்ளும்போது கல்லையும் சேர்த்து அள்ளுங்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகி): ராஜாஜி உப்புச் சத்தியாகிரகத்துக்கு நடந்து போன பாதை இந்த மாநில நெடுஞ்சாலைதான் என்று என் மகளின் பள்ளியில் சொன்னார்களாம். சரியா?

பாதி சரி அம்மா. முன்பாதி வேறு, பின்பாதி இதுதான்.

1930 ஏப்ரல் 13, தமிழ் வருடப் பிறப்பன்று, திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். காவிரிக் கரையோரமாகத் திருவையாறு, அப்புறம் தஞ்சாவூர். இன்றைய ரோட்டில் போவதென்றால் அங்கிருந்து வடுவூர் வழியாக நேரே மன்னார்குடி போய்விடலாம். அவர்கள் அப்படிப் போகவில்லை. கும்பகோணம் பக்கம் சுற்றிக்கொண்டு மன்னார்குடிக்கு வந்தார்கள். கூட்டம் சேர்க்கத்தானே நடை? ஊர்கள் நிறைய இருக்கிற பக்கம் போவதுதான் முறை. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி, தகட்டூர், வேதாரண்யம் என்று நடந்ததுதான் நம் பாதை. மொத்தம் 150 மைல், பதினைந்து நாள். ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள்.

தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன் என்ற ஆங்கிலேயர், இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தண்டோரா போட்டுவிட்டார். தஞ்சாவூர் ஜில்லாக்காரனிடம் போய், வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போடாதே என்றால் கேட்பானா? நேரில் கொடுத்தால்தானே குற்றம் என்று, சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி ரோட்டோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நடந்து வந்தவர்கள் பறித்துச் சாப்பிட்டார்கள்.

எனக்கு இந்தக் கதை வேறு விதத்தில் பிடிக்கும். ரோட்டோர மரங்களுக்கு நம்பர் போட்டு, வெள்ளையும் கருப்பும் அடித்து, வருடா வருடம் புளி ஏலம் விட்ட ஆள் நான். ஒரு புளிய மரம் எத்தனை கிலோ காய்க்கும் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன். அதே வரிசையில் ஒரு தடவை சாப்பாடும் காய்த்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டுதான் பிற்பாடு ஏல நோட்டீஸ் ஒட்டுவேன். அன்றைய மரங்களில் எத்தனை மிச்சம் இருந்தனவோ, என் காலத்திலேயே அகலப்படுத்தும் வேலைக்காகப் பல போய்விட்டன. வெட்டுவதற்குக் குறி போட்டதில் என் சுண்ணாம்புப் பிரஷ்ஷும் உண்டு.

நாமக்கல் கவிஞர் எழுதிய 'கத்தியின்றி ரத்தமின்றி' இந்த நடைக்காகப் பிறந்த பாட்டுதான். உங்கள் மகளுக்கு அது தெரிந்திருக்கும். ஏப்ரல் 30-ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளினார், கைதானார், ஆறு மாதம் சிறை. வேதாரண்யத்தில் எல்லா ஏற்பாட்டையும் தலையில் போட்டுக்கொண்டு செய்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. இன்றும் ஏப்ரல் மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து ஒரு கூட்டம் வந்து அகஸ்தியன்பள்ளி நினைவு ஸ்தூபி பக்கம் உப்பு அள்ளிவிட்டுப் போகிறது.

மகள் கட்டுரையில் வைரப்பனை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். வேதாரண்யத்து நாவிதர் அவர். சத்தியாகிரகிகளை அடிக்கிற போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்பது முடிவு. சாதாரண உடையில் வந்து உட்கார்ந்த ஒருவருக்குப் பாதி முகம் வழித்த பிறகுதான், ஆள் போலீஸ் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கோர்ட்டுக்கு இழுத்துப் போய், மிச்சத்தையும் வழித்துவிடு, விட்டுவிடுகிறோம் என்றபோது, பெட்டியை மாஜிஸ்திரேட் பக்கம் நகர்த்தி, வேண்டுமானால் நீங்களே வழித்துவிடுங்கள் என்றாராம். சிறைக்குப் போனார். ஊரில் அவருக்கு நினைவுத்தூண் உண்டு.

கேள்வி (சென்னை வாசகர்): கல்யாணத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை கார் ஓட்டினேன். மலை இல்லை, மேடு இல்லை. பிறகு எதற்கு இத்தனை வளைவு?

ஆறு வளைந்தது, ரோடும் வளைந்தது. டெல்டாவில் பழைய ரோடுகளில் பல ஆற்றங்கரை, வாய்க்கால் கரை மேல் போனவை. மழைக்காலத்தில் மேடாக இருப்பது கரை ஒன்றுதான், வண்டி அதன் மேல்தான் போக முடியும். பாமணியாறு, முள்ளியாறு என்று பெரியவற்றுக்குப் பேர் இருக்கிறது. பேர் இல்லாத வாய்க்கால்களுக்கும் வடிகால்களுக்கும் எங்களிடம் நம்பர் மட்டும் இருக்கும். ரோட்டுக்குச் செலவு செய்வதைவிட மதகுக்கும் பாலத்துக்கும் செலவு செய்வதுதான் டெல்டாக்காரன் தலையெழுத்து. வளைவை நேராக்கலாமே என்றால், நடுவில் ஒருவருடைய வயல் இருக்கும். அவர் தாத்தா காலத்து வயல். முடிந்தது கதை.

கேள்வி (மன்னார்குடி வாசகர்): உங்கள் துறைக்காரர்கள் ஜல்லி வரவில்லை என்று சொல்லியே ஆறு மாதம் ஓட்டுவார்கள். உண்மையிலேயே ஜல்லி அவ்வளவு அருமையா, அல்லது சாக்கா?

இரண்டும் உண்டு, நேர்மையாகவே சொல்கிறேன். ஆனால் முதலாவதைக் கொஞ்சம் கேளுங்கள். தஞ்சாவூருக்குக் கிழக்கே பாறை கிடையாது. எங்கே தோண்டினாலும் வண்டல், களிமண், கீழே போனால் மணல். ரோட்டுக்கு வேண்டிய ஒவ்வொரு கல்லும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் லாரியில் வர வேண்டும். கோடியக்கரைக்கு ஒரு லோடு ஜல்லி வந்தால், அதில் கல்லுக்குக் கொடுப்பதைவிட டீசலுக்குக் கொடுப்பது அதிகம். அந்தக் காலத்தில் கப்பி ரோடு போடும்போது ஒவ்வொரு ஃபர்லாங்குக்கும் கல்லைக் குவித்து, அளந்து, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். ராத்திரியில் யாராவது இரண்டு கூடை எடுத்தால் சுண்ணாம்புக் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். கல்லுக்கு அத்தனை காவல்.

கோடையில் களிமண் வெடித்து வாய் பிளக்கும், மழையில் ஊதும். மேலே தார் எவ்வளவு போட்டாலும் கீழே படுத்திருப்பவன் புரண்டு படுத்தால் போர்வை விலகத்தான் செய்யும்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர். ஆனால் வேதாரண்யத்துக்கு வராமல் திருத்துறைப்பூண்டி பக்கம் உள்ளே திரும்பிப் போய்விடுகிறது. எங்கள் கடற்கரை கடற்கரை இல்லையா?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. முழங்கையை மடக்கிய மாதிரி. அந்த முழங்கைக்குள், கோடியக்கரையிலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும், சேறும் உப்புச் சதுப்பும் அலையாத்திக் காடும்தான். மழைக்காலத்தில் எது தரை எது தண்ணீர் என்று நண்டுக்குத்தான் தெரியும். அதன் குறுக்கே நெடுஞ்சாலை போடுவது செலவும் அதிகம், பாவமும் அதிகம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002-இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. அதனால் ஈசிஆர் முழங்கையைத் தொடாமல் மேலாகவே குறுக்கே போய்விடுகிறது.

இதில் நமக்கு லாபம் என்ன தெரியுமா? கோடியக்கரை ரோட்டில் 'வழியே போகிறவன்' என்று யாரும் கிடையாது. வேதாரண்யம் தாண்டி வருகிறவன் அங்கே போகத்தான் வருகிறான், வந்த வழியே திரும்பத்தான் வேண்டும். அதற்கு மேல் போனால் அறுபது கிலோமீட்டருக்குள் யாழ்ப்பாணக் கரை. அதற்கு ரோடு போட எந்தத் துறையாலும் முடியாது. நாங்கள் போக்குவரத்துக் கணக்கெடுக்க அகஸ்தியன்பள்ளியில் ஷெட் போட்டு உட்காரும்போது, காலையில் போன வண்டியே சாயங்காலம் திரும்பி வரும். இரண்டாம் தடவை கோடு போடும்போது டிரைவர் கையாட்டுவார். தை அமாவாசை, ஆடி அமாவாசை இரண்டு நாள் மட்டும் கோடு போட்டுக் கை வலிக்கும். ஆதிசேது என்று கோடியக்கரைக் கடலில் முழுக்குப் போட ஜில்லாவே வரும்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): நாங்களும் உப்பு ஊர்க்காரர்கள்தான். அகஸ்தியன்பள்ளி உப்பளங்களுக்கு நடுவே போகிற அந்த ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன்.

தூத்துக்குடிக்காரரிடம் உப்பைப் பற்றி எழுதுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ரோட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவே பத்துப் பதினோரு கிலோமீட்டர். அகஸ்தியன்பள்ளி தாண்டியதும் மரங்கள் விலகி, இரண்டு பக்கமும் வெளி திறந்துவிடும். மாசி, பங்குனியில் விடியற்காலை நாலு மணிக்கே பாத்திகளில் ஆள் இறங்கியிருக்கும். வெயில் ஏறிவிட்டால் கண் கூசி நிற்க முடியாது. பலகை வைத்து வாரி வாரி வரப்பில் ஏற்றுவார்கள். வெள்ளை அம்பாரங்கள் ரோடு வரைக்கும் வந்து நிற்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் அவற்றுக்குக் கீற்று வேய்ந்து மூடிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் இல்லாத ஒரு கிராமம் மாதிரி இருக்கும், எல்லாம் கூரை, ஒரு வாசல் கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் இந்த உப்பு ரோட்டை நம்பி இல்லை. நாகப்பட்டினத்துக்கு வேதாரண்யம் கால்வாய் வெட்டி, தோணியில் ஏற்றி அனுப்பினார்கள். ரோடு பிற்பாடு வந்த தம்பி.

உப்பு வெளியில் ரோடு போடுவது எப்படி என்று கேட்டிருந்தால் நல்ல கேள்வி. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தண்ணீர் கீழே ஓரடி, இரண்டடியிலேயே இருக்கும், அதுவும் கடலைவிடக் கரிப்பு. வெயில் அடிக்க அடிக்க அந்த ஈரம் மண்ணின் வழியாக மேலே ஏறும். ஏறி வந்து தாருக்கு அடியில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். கல்கண்டு மாதிரி கட்டிக்கொண்டு தாரைக் கீழிருந்து தூக்கும். முதலில் ரோடு மேல் அம்மைக் கொப்புளம் மாதிரி சின்னச் சின்னப் புடைப்பு. அதன் மேல் ஒரு லாரிச் சக்கரம் ஏறினால் அப்பளம் உடைகிற மாதிரி நொறுங்கும். கிளறிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கும். நான் ஒரு தடவை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். என்னோடு வந்த சாலைப் பணியாளர், "சார், சாம்பாருக்குப் போதுமா?" என்றார்.

மருந்து ஒன்றுதான். ரோட்டை உயர்த்த வேண்டும், அடியில் நல்ல மணல் பரப்பி ஈரம் ஏறாமல் வெட்டிவிட வேண்டும், மேலே தார் கனமாக இருக்க வேண்டும். மெல்லிசாகப் பூசினால் ஒரு கோடை தாங்காது. என் ஆரம்ப நாட்களில் மெல்லிசாகத்தான் பூசினோம், ஏனென்றால் கொடுத்த பணம் அவ்வளவுதான். ஒரே இடத்தில் ஒரே வருடத்தில் மூன்று தடவை ஒட்டுப்போட்ட கணக்கு என் பழைய நோட்டில் இருக்கிறது.

கேள்வி (வேதாரண்யம் வாசகி): கோடியக்கரை வரை ரயில் போனது என்று என் மாமனார் சொல்வார். வீட்டில் யாரும் நம்புவதில்லை.

மாமனார் சொல்வது நிஜம். ஒரு காலத்தில் கோடியக்கரை வரைக்கும் மீட்டர்கேஜ் ரயில் போனது. பிறகு அகஸ்தியன்பள்ளியோடு நின்றது, அப்புறம் அதுவும் நின்று பல வருடம் தண்டவாளத்தில் ஆடு மேய்ந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரை 37 கிலோமீட்டரும் அகலப் பாதையாகி 2023 ஏப்ரல் 8-இல் திறந்தார்கள். மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் கல்லூரி மாணவர்): கஜா புயல் நேரத்தில் நீங்கள் பணியில் இருந்தீர்களா?

இருந்தேன் தம்பி. ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரை ஏறியது. எங்கள் அப்பா 1952 புயலைப் பற்றிச் சொல்லும்போது மிகைப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அன்று காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தபோது எதிர்வீட்டைக் காணவில்லை. வீடு அங்கேயேதான் இருந்தது, மரம் மறைத்திருந்தது.

ரோட்டில் வரிசையாகத் தென்னை, மா, புளி, மின்கம்பம். ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டு கிடந்தன. பொக்லைன் வர நேரமாகும் என்று அரிவாளும் கைரம்பமும் வைத்துத் தொடங்கினோம். ஊர்ப் பையன்கள் கூப்பிடாமலே வந்தார்கள். மாமரத்தை வெட்டும்போது ஒரு பெரியவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோப்பு மரம், ரோட்டில் வந்து விழுந்திருந்தது. "சின்னதா வெட்டாதீங்க, பலகைக்கு ஆகும்" என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, வெட்டுங்க. எல்லாரும் பலகை போட்டா யாரு வாங்குவா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் மொத்த நஷ்டமும் இருந்தது. காட்டுக்குள் மான்களும் செத்தன.

கேள்வி (கோயம்புத்தூர் தம்பதி): இந்த ரோட்டில் ஒரு நாள் பயணம் போக விரும்புகிறோம். எங்கே நிற்க வேண்டும்?

தஞ்சாவூரை விடியற்காலையில் விடுங்கள். வடுவூர் ஏரியில் பறவை பார்க்கலாம், மழைக்காலம் முடிந்த கையோடு போனால் நல்லது. அந்த ஊரில் கபடி ஆடாத பையனைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள். 'மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்று பழைய சொல் இருக்கிறது, இரண்டும் இதே ரோட்டில்தான். மதிலைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ராஜகோபாலசுவாமி கோயில் சின்ன இடம் இல்லை. திருத்துறைப்பூண்டியில் டீ குடித்துவிட்டு நேரே இறங்குங்கள். பாரம்பரிய நெல்லைத் தேடித் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

வேதாரண்யம் கோயிலில் அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி மூடிய கதவுக் கதையை அங்கே யாரையாவது சொல்லச் சொல்லிக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மதியத்தில் கோடியக்கரை போகாதீர்கள். மூன்றரை மணிக்கு மேல் போனால்தான் வெளிமான் புல்வெளிக்கு வரும். 1967-இல் சரணாலயம் ஆனதே அந்த மானுக்காகத்தான். பூநாரை வேண்டுமென்றால் கார்த்திகை, மார்கழி. பாலாப்பழம் வேண்டுமென்றால் கோடையில் வாருங்கள், கோடியக்காட்டில் ரோட்டோரத்தில் பெண்கள் கூறு போட்டு விற்பார்கள். மஞ்சளாக, வேப்பம்பழம் அளவுக்கு இருக்கும். பால் உதட்டில் ஒட்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம். குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். அப்புறம் அது கார் கண்ணாடியைத் தட்டிக் கேட்கும், அதற்கும் ரோடு ஆட்களைத்தான் திட்டுவீர்கள்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): கோடியக்கரையா, கோடிக்கரையா? போர்டில் ஒரு மாதிரி, பஸ்ஸில் ஒரு மாதிரி இருக்கிறது.

கோடி என்றால் முனை, கடைசி. தெருக்கோடி என்கிறோமே, அதுதான். தேவாரத்தில் சுந்தரர் பாடிய கோயில் கோடிக்குழகர், அது கோடியக்காட்டில் இருக்கிறது. ஆக, 'கோடிக்கரை' என்றால் தப்பில்லை. அரசுப் பதிவில் 'கோடியக்கரை'. இதனால் எனக்கு ஒரு மெமோ வந்தது.

தொண்ணூறுகளில் ஒரு வருடம் கற்களுக்கெல்லாம் புது பெயிண்ட் அடித்தோம். பெயிண்டர் மீனவர் வீட்டுப் பையன். வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே ஒரு கல்லில் 'கோடிக்கரை 3' என்று எழுதிவிட்டான். நானும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், என் வாயிலும் அப்படித்தானே வரும்? ஆய்வுக்கு வந்த பெரியவர் ஜீப்பை நிறுத்திப் படித்தார். இரண்டு நாளில் விளக்கம் கேட்டு மெமோ. கல்லை முழுக்க அழித்து மறுபடி எழுத பெயிண்ட் இல்லை. பையன் தலையைச் சொறிந்தான், பிறகு சின்னப் பிரஷ்ஷை எடுத்து, 'டி'க்கும் 'க்'குக்கும் நடுவே, பள்ளிக்கூட நோட்டில் விட்டுப்போன எழுத்தைச் சொருகுகிற மாதிரி, ஒரு குட்டி 'ய'வை மேலே தூக்கி எழுதிவிட்டான். மெமோவுக்கும் 'சரிசெய்யப்பட்டது' என்று பதில் எழுதினேன்.

அடுத்த மழை முடிந்து அந்தப் பக்கம் போனேன். கல்லின் மேல் யாரோ வலையைக் காயப்போட்டிருந்தார்கள். விலக்கிப் பார்த்தேன். மற்ற எழுத்தெல்லாம் அப்படியே இருக்க, 'ய' மட்டும் உப்புக் காற்றில் உரிந்து போயிருந்தது.